ஒரு தெருவுக்கு ஒரு பெயர்

கடப்பாரை மனுஷன் மண்டையில் விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை சார். தேங்காய் உடைகிற மாதிரி இருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. நனைந்த போர்வையைத் துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தால் ஒரு சத்தம் வருமே, அதுதான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இப்போது உங்கள் முழங்கை எனக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கம்.

உட்காருங்கள், எழுந்திருக்காதீர்கள். நான் சாட்சிதான். அடித்தவன் அதோ, தூண் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வக்கீலோடு சிரித்துப் பேசுகிறானே, அவன். தண்ணி லாரி கிருபாகரன். ஜாமீனில் இருக்கிறான். செத்தவனுடைய அம்மா அந்தப் படிக்கட்டு ஓரத்தில் துணிப்பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள் பாருங்கள், தனபாக்கியம் என்று பெயர். இரண்டு பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். இன்றைக்குக் கூண்டில் ஏறப்போவது நான். கூப்பிடுகிற வரைக்கும் பேசிக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு வீட்டுக் கேஸா? குடியிருக்கிறவன் காலி பண்ண மாட்டேன் என்கிறானா? அது இழுக்கும் சார். ரொம்ப இழுக்கும்.

காதைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவாருங்கள். என் குரல் இவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். குணாளனா, அவன் இருக்கிற இடமே தெரியாதே என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். யாரிடமும் நான் குரலை உயர்த்தியதில்லை. யாரையும் எடுத்தெறிந்து பேசியதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கிருபாகரனோடு நிற்கிற அந்த வக்கீல் என்னவோ நான்தான் இந்தக் கொலைக்கே காரணம் என்கிற மாதிரி போன வாய்தாவில் பேசினார்.

நான் வேலை பார்த்தது ஒரு புத்தகத்துக்கு. கதைப் புத்தகம் இல்லை. இந்த மாநகரத்தில் இருக்கிற தெரு, சந்து, முட்டுச்சந்து எல்லாவற்றையும் அகர வரிசையில் போட்டு, எப்படிப் போக வேண்டும், எந்த பஸ், எந்த போலீஸ் ஸ்டேஷன் என்று சொல்கிற தெருக் கையேடு. பழைய ஆட்டோக்காரர்களிடமும் கல்யாணத் தரகர்களிடமும் அட்டை கிழிந்து கிடக்கும், பார்த்திருப்பீர்கள். திருவல்லிக்கேணியில் ஒரு மாடியில் இரண்டு அறை, அதுதான் எங்கள் ஆபீஸ். முதலாளி ராஜமன்னார் சார். நாங்கள் சில பேர் ஊரைப் பங்கு பிரித்துக்கொண்டு நடப்போம். போன பதிப்பின் தாள்கள் கையில் இருக்கும். இல்லாமல் போன தெருவுக்குச் சிவப்புக் கோடு. புதிதாக முளைத்த தெருவுக்குப் பச்சை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், பச்சையைவிடச் சிவப்புக்குத்தான் வேலை அதிகம். இந்த ஊர் யாரையாவது அடித்துப் போட்டுவிட்டுத்தான் ஒரு அடி எடுத்து வைக்கிறது. ஒரு தடவை கால்வாய்க் கரையோரம் போயிருந்தேன். அன்றைக்குப் பார்த்துப் பொக்லைன் வந்து வீடுகளை இடித்துக்கொண்டிருந்தது. ஒரு பொம்பளை அம்மிக் குழவியைத் தூக்கி டிரைவர் மேல் எறிந்தாள். போலீஸ்காரர் அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் ஓரமாக நின்றேன். தெரு முழுசாகப் போனால்தான் கோடு போடலாம், பாதியில் போடக்கூடாது, அது எங்கள் விதி. அதனால் முடிகிற வரைக்கும் காத்திருந்தேன். கையில் தாளும் பென்சிலும் இருப்பதைப் பார்த்து ஒரு பெரியவர் ஓடிவந்து என் காலைப் பிடித்தார். கவர்மென்டு ஆள் என்று நினைத்துவிட்டார். மேலே சொல்லி நிறுத்துங்கள் ஐயா என்றார். நான் என்ன செய்ய? அந்த நேரத்தில் போய் முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல முடியுமா? சரிங்க, சொல்றேன் என்றேன். மனுஷர் கும்பிட்டுவிட்டுப் போய் இடிகிற வீட்டுக்கு முன்னாலேயே நிம்மதியாக உட்கார்ந்துகொண்டார். சுவர் அவர் பக்கம்தான் சாய்ந்தது.

இன்னொரு இடத்தில் ஒருத்தர் என்னை ஜப்தி பண்ண வந்தவன் என்று நினைத்துக் கன்னத்தில் அறைந்தார். அறைந்த பிறகுதான் யார் என்று கேட்டார். பரவாயில்லைங்க என்றேன். வெட்கப்பட்டுப்போய்த் தெருப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லி, மோரும் கொடுத்தார். பொறுமைக்கு ஒரு பலன் இருக்கிறது சார்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பதிப்பில் ஒரு புது ஏற்பாடு வந்தது. வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு கம்பெனி எங்கள் புத்தகத்தை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்கிறேன் என்றது. ஒரே ஒரு நிபந்தனை. ஒரு தெருவுக்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். பழைய புத்தகத்தில் இரண்டு பெயர் உள்ள தெருவை இரண்டு இடத்திலும் போட்டு, இதைக் காண்க, அதைக் காண்க என்று போட்டிருப்போம். இனிமேல் அது கிடையாது. ராஜமன்னார் சார் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "பேர் வைக்கிறது நம்ம வேலை இல்லை. தெருவுல எந்தப் பலகை நிக்குதோ அதை போட்டோ எடுத்துட்டு வா. பலகையே இல்லையா, தெருமுனையில தெரியாத ஆளு ரெண்டு பேரைக் கேளு. ரெண்டு பேரும் ஒரே பேரைச் சொன்னா அதான் பேரு. உன் அபிப்பிராயம் எனக்கு வேண்டாம்."

எனக்கு அபிப்பிராயமே கிடையாது சார். அதனால்தான் அந்த வேலைக்கு நான் பொருத்தமாக இருந்தேன்.

மேற்கே, பைபாஸ் தாண்டி, நெல்லித்தாங்கல் என்று ஒரு இடம். ஏரியைத் தூர்த்துப் போட்ட மனை. அங்கே ஒரு தெரு மேட்டில் ஆரம்பித்துப் பள்ளத்தில் முடிகிறது. மேட்டுப் பக்கம் மாடி வீடுகள். அவர்கள் வைத்த பெயர் லேக் வியூ தெரு. மருந்துக்குக்கூட ஏரி கிடையாது, மூடித்தானே வீடு கட்டினார்கள். பள்ளத்துப் பக்கம் தகரக் கூரை வீடுகள். ஏரி இருந்த காலத்திலிருந்தே அங்கே இருக்கிறவர்கள். ஊரின் சாக்கடையெல்லாம் அவர்கள் கையால்தான் சுத்தமாக வேண்டும் என்று ஆக்கிவைத்திருக்கிறார்களே, அந்த ஜனங்கள். அவர்கள் வைத்த பெயர் ஜீவரத்தினம் தெரு.

ஜீவரத்தினம் யார் என்றால், அந்தத் தனபாக்கியம் அம்மாவின் மூத்த பையன். மேட்டுப் பக்கத்து மேன்ஹோல் அடைத்துக்கொண்டது. கான்ட்ராக்டர் வந்து, மிஷின் வர நாளாகும், நீ இறங்கு என்று ஒரு கயிற்றையும் ஒரு குவார்ட்டரையும் கொடுத்து இறக்கியிருக்கிறார். உள்ளே விஷவாயு. ஏறவில்லை. தம்பி தேவராஜ்தான் அண்ணனை வெளியே இழுத்துப் போட்டவன். இழுத்தபோது தோள்பட்டைத் தோல் உரிந்து கையோடு வந்ததாம். அந்த அம்மா என்னிடம் சொன்னார்கள். அதற்குப் பிறகு பள்ளத்து ஜனங்கள் தெருவுக்கு அவன் பெயரை வைத்துப் பலகை நட்டார்கள். யாரோ உடைத்தார்கள். மறுபடி நட்டார்கள். மறுபடி உடைத்தார்கள். நான் போனபோது பலகை இல்லை. கம்பியின் அடிக்கட்டை மட்டும் தரையிலிருந்து துருத்திக்கொண்டிருந்தது.

குழாயடியில் நின்று அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"புக்குல வருமாப்பா? எம் புள்ளை பேரு?"

குடத்தைக் கூட இறக்கி வைக்காமல் நின்றார்கள் சார். வரும்மா என்றேன். வேறென்ன சொல்லச் சொல்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், பலகை நின்றால் போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். விதியைத்தான் சொன்னேன்.

அப்படியே மேட்டுக்குப் போனேன். அங்கே நலச் சங்கத் தலைவர் புருஷோத்தமன் சார். மின்வாரியத்தில் இருந்து ரிடையர் ஆனவர். தங்கமான மனுஷர் என்று உட்கார்ந்தவுடனே தெரிந்தது. காபி வந்தது, முறுக்கு வந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். வாசலில் பந்தலுக்குக் கொண்டுவந்த மூங்கில் சாய்த்து வைத்திருந்தது. பத்திரிகையை எடுத்துக் காட்டினார். கீழே விலாசத்தைத் தடவிக் காட்டினார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க டாக்ஸியில வர்றாங்க தம்பி. அவங்க போனு, ஜீவரத்தினம் தெருவில் திரும்பவும்னு சொல்லுது. யாருங்க ஜீவரத்தினம்னு சம்பந்தி கேக்கிறார். நான் என்ன சொல்றது? எங்க வீட்டு மலத்தை எடுக்க எறங்கிச் செத்தவன்னு சொல்றதா? என் வாசல்ல செத்தான்னா அவன் பேரை நான் ஆயுசுக்கும் நெத்தியில ஒட்டிக்கணுமா?"

அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது பாருங்கள். அப்பன் மனசு. சரிங்க சார் என்றேன். லேக் வியூன்னே போட்டுடுவீங்கல்ல என்றார். போட்டுடலாம் சார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், பலகை நின்றால் போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று அவருக்கும் சொன்னேன். ஒருத்தருக்குச் சொல்லி ஒருத்தருக்குச் சொல்லாமல் விட்டால் அது பாரபட்சம். வாசல் வரை வந்து வழியனுப்பினார். அப்போதுதான் கிருபாகரன் லாரியை நிறுத்திவிட்டு வந்தான். புருஷோத்தமன் சாருக்கு மச்சான் பிள்ளை. தண்ணி லாரி வைத்திருக்கிறான். மேட்டுக்கும் அவன்தான் தண்ணி, பள்ளத்துக்கும் அவன்தான் தண்ணி. என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்தக் கை சார், இரும்பு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாள், ஒரே நேரம் சொன்னாயே, அறிவில்லையா என்று கேட்கிறீர்கள். எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள். வேறு வேறு நாள் சொல்லியிருந்தால் மட்டும் என்ன? முதல் நாள் நட்டதை இரண்டாம் நாள் உடைத்திருப்பார்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். படித்தவர் ஒருத்தர், வயதான அம்மா ஒருத்தர். பேசினால் தீராதது உண்டா?

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஸ்கூட்டரை மேட்டில் நிறுத்திவிட்டு நடந்து போனேன்.

தேவராஜ் விடியற்காலையிலேயே குழி தோண்டிக் கம்பியை நட்டு சிமென்ட் போட்டிருந்தான். நீலப் பலகை, வெள்ளை எழுத்து, மாநகராட்சிப் பலகை மாதிரியே. சிமென்ட் இறுகவில்லை என்று கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. இந்தப் பக்கம் லாரியைத் தெருவுக்குக் குறுக்கே போட்டு, அதிலிருந்து கருங்கல் பலகை ஒன்றை இறக்கினார்கள். லேக் வியூ தெரு என்று பொன் எழுத்து. செவ்வந்தி மாலைகூடப் போட்டிருந்தார்கள். அதை நடுவதற்கு வேறு இடம் இல்லையா? இருந்தது. தெரு நீளத்துக்கும் இடம் இருந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் தெருமுனைதான் வேண்டும்.

முதலில் கிண்டல்தான். பள்ளத்துப் பையன் ஒருத்தன் கருங்கல்லைப் பார்த்து, "யாருக்குடா கல்லறை?" என்றான். இன்னொருத்தன் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு, ஏரி எங்கே, ஏரி எங்கே என்று தேடுகிற மாதிரி நடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்கூடச் சிரித்தேன். மேட்டுப் பக்கத்து ஆள் ஒருத்தர், உங்க பேரைப் போட்டா சாமான் கொண்டு வர்றவன் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் வருவான் என்றார். அதற்குத்தான் தேவராஜ் வாயைத் திறந்தான். கம்பியை விடவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். "நீ போறதை எடுக்கத்தான்டா எங்கண்ணன் எறங்கினான்."

அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

புருஷோத்தமன் சார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க பொதுவான ஆளு. எங்க பேரைப் போடறேன்னு சொன்னீங்களா, இல்லையா?"

சொன்னேன் சார் என்றேன். சொன்னதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

தேவராஜ் கேட்டான். "எங்கம்மாகிட்ட வரும்னு சொன்னியா, இல்லியா?"

சொன்னேங்க என்றேன். அதுவும் உண்மைதானே. இரண்டு பக்கமும் என்னையே பார்த்தார்கள். ரெண்டு பேர் சொல்றதும் சரிதாங்க, நிக்கிற பலகையைத்தான் நான் போட்டோ எடுக்க முடியும், அதுதான் விதி என்றேன். என் குரல்தான் தெரியுமே, பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. என்ன சொல்றான், என்ன சொல்றான் என்று கேட்டார்கள். கிருபாகரன்தான் சத்தமாக எடுத்துச் சொன்னான்.

"நிக்கிறதைத்தான் எடுப்பானாம். நிக்காததை எடுக்க மாட்டானாம். அப்படித்தானே தம்பி?"

சரிங்க என்றேன்.

இந்தச் சரிங்கவைத்தான் சார் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு மனுஷன் கேள்வி கேட்டால் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. குழி தோண்டின கடப்பாரை அங்கேயே மண்ணில் குத்தி நின்றது. அதை அவன் பிடுங்குவான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதல் அடி கம்பியில் விழுந்தது. கம்பி வளைந்தது. தேவராஜ் விடவில்லை. விடுடா என்றான் கிருபாகரன். விடவில்லை. இரண்டாவது அடி அவன் கைமேல். விரல் எலும்பு வெளியே வந்துவிட்டது. நான் பார்த்தேன் சார். வெள்ளையாக, கிழங்கு உரித்த மாதிரி. அப்போதும் கம்பியை விடவில்லை. அந்தக் கையால் முடியாமல் அதன் முழங்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டான். தன் அண்ணன் பெயருக்குக் கீழே முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். இவ்வளவு பிடிவாதம் எதற்கு? நீங்களே சொல்லுங்கள். ஒரு தகடு அது. மூன்றாவது அடிதான் முன்னால் சொன்னேனே, அந்தச் சத்தம்.

அப்போது என் கையில் போன் இருந்தது. பலகை நிற்கிறதே என்று போட்டோ எடுக்கத்தான் தூக்கிப் பிடித்திருந்தேன். யாரோ தட்டிவிட்டார்கள். லாரிச் சக்கரத்துக்கு அடியில் போய் நொறுங்கிவிட்டது.

அப்புறம் ஊரே எழுந்தது. பள்ளத்திலிருந்து செங்கல் பறந்தது. மேட்டுக்காரர்கள் கல்யாணப் பந்தல் மூங்கிலை உருவிக்கொண்டு வந்தார்கள். புருஷோத்தமன் சார் வீட்டுக் கண்ணாடி எல்லாம் போயிற்று. அவர் வீட்டம்மா நெற்றி கிழிந்து சமையலறையில் விழுந்து கிடந்தார்கள். கல்யாணப் பெண் மாடியில் நின்றுகொண்டு, அடிக்காதீங்க, அடிக்காதீங்க என்று இரண்டு பக்கத்தையும் பார்த்துக் கத்தினாள். லாரியின் குழாயில் கல் பட்டு உடைந்து, மொத்தத் தண்ணியும் கொட்டிப் பள்ளத்தைப் பார்த்து ஓடியது. அதில் தேவராஜின் ரத்தமும் சேர்ந்து ஓடி, அந்த மேன்ஹோல் மூடியைச் சுற்றிச் சுழன்று உள்ளே இறங்கியது. தனபாக்கியம் அம்மா அந்தத் தண்ணிக்கு எதிராக ஏறி ஓடிவந்தார்கள். வழுக்கி விழுந்தார்கள். எழுந்தார்கள். மறுபடி விழுந்தார்கள். கடைசியில் முழங்காலால் நகர்ந்தே வந்து சேர்ந்தார்கள். பையன் கை கம்பியில் பின்னியிருந்ததைப் பிரித்து எடுத்தது அந்த அம்மாதான். ஒவ்வொரு விரலாக. அழவில்லை. அது எனக்கு ஆச்சரியம்.

என்னை அடிக்காமல் விடுவார்களா? பள்ளத்துப் பையன் ஒருத்தன் செங்கல்லால் இந்தத் தோளில் இறக்கினான். மேட்டுக்குத் தப்பி ஓடினேன். அங்கே ஒருத்தர் மூங்கிலால் முட்டியில் போட்டார். அந்தத் தெருவிலேயே இரண்டு பக்கமும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் என்னை அடித்ததுதான். என் ஸ்கூட்டரை எரித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆஸ்பத்திரி போகிற வழியில் தேவராஜ் போய்விட்டான். அதே ஆம்புலன்ஸில் எதிர் பெஞ்சில் நானும் படுத்திருந்தேன். தோள் வலி உயிர் போயிற்று. யாருமே என்னைக் கவனிக்கவில்லை.

இன்னும் இந்தக் கை மேலே ஏறாது சார். பாருங்கள், இவ்வளவுதான்.

ஆனால் எனக்கு உண்மையான வருத்தம் இதில் இல்லை. கேளுங்கள், இதுதான் அநியாயம். உடம்பு தேறினதும், கட்டுப் போட்ட கையோடு, நானே மறுபடி நெல்லித்தாங்கல் போனேன். தெருவைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேனே, வேலை முடிய வேண்டாமா? போலீஸ் இரண்டு பலகையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. பலகை இல்லையென்றால் என்ன செய்ய வேண்டும்? தெரியாத ஆள் இரண்டு பேரைக் கேட்க வேண்டும். கேட்டேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு ஆட்டோக்காரர், பக்கத்தில் கொய்யாப்பழம் விற்கிற ஒரு அம்மா. இந்தத் தெரு பேர் என்னங்க என்றேன். இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. ஒரே பெயரைச் சொன்னார்கள்.

"மர்டர் தெரு."

நான் அப்படியே எழுதிக் கொடுத்தேன். மர்டர் தெரு, நெல்லித்தாங்கல். போகும் வழி, பஸ் நம்பர், ஸ்டேஷன், எல்லாம் சுத்தமாக. ராஜமன்னார் சார் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காடா?" என்று கேட்டார். அவ்வளவு நாளில் அவர் என்னை டா போட்டுப் பேசியதே இல்லை. விதிப்படிதான் சார் எழுதியிருக்கேன் என்றேன். நாளையிலேர்ந்து வராதே என்றார். சரிங்க சார் என்றேன். புதுப் பதிப்பு வந்துவிட்டது. கடையில் நின்று புரட்டிப் பார்த்தேன். வரைபடத்தில் அந்தத் தெரு இருக்கிறது, வெறும் வெள்ளைக் கோடாக. பெயர் இல்லை. இரண்டு பேரில் ஒருத்தருக்காவது கிடைத்திருக்கலாம் இல்லையா? ஒரு உயிர் போயும் அந்த இடம் காலி. என் உழைப்பும் போயிற்று.

புருஷோத்தமன் சார் பெண் கல்யாணம் வெளியூரில் நடந்ததாம். என்னைப் பார்க்க அவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். கிருபா சின்னப் பையன், ரெண்டு குழந்தை இருக்கு என்றார். "அந்த நேரத்துல போன் விழுந்திருச்சுன்னு நீங்க குனிஞ்சுட்டீங்கல்ல தம்பி? குனிஞ்சவருக்கு யார் கையில என்ன இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்? அதை மட்டும் சொன்னா போதும்." எவ்வளவு பெரிய மனுஷர், என் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். சரிங்க சார் என்றேன். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தனபாக்கியம் அம்மாவும் வந்தார்கள். உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே நின்றார்கள். பாத்ததைச் சொன்னா போதும்பா, கூட்டிச் சொல்ல வேண்டாம் என்றார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள், உறவுக்காரன் சாட்சி எடுபடாது என்கிறார் வக்கீல், நீதான் வெளியாள், உன் வார்த்தைதான் நிற்கும் என்றார்கள். நியாயம்தானே? சரிம்மா என்றேன்.

இருங்கள் சார். அந்த அம்மா எழுந்து இங்கேதான் வருகிறார்கள். நீங்கள் நகர வேண்டாம், உட்காருங்கள்.

"வாங்கம்மா. சாப்பிட்டீங்களா?"

"அந்தத் தலைவர் உன் வீட்டுக்கு வந்தாராமே. அவருக்கும் சரின்னுதான் சொல்லி அனுப்பினியா?"

"அது வந்து... வீடு தேடி வந்தவர்ம்மா..."

"எம் மூத்த புள்ளைகிட்ட எறங்குடான்னு சொன்னாங்க. அவன் மாட்டேன்னு சொல்லல. சொல்லியிருந்தா இருந்திருப்பான். அவனுக்கு வயித்துப் பாடு, சொல்ல முடியல. உனக்கு என்னப்பா? இன்னிக்கு ஒரு தடவை, அந்தக் கூண்டுல நின்னு, அவங்களைப் பாத்து, உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்னு சொல்லு. அது போதும் எனக்கு. சொல்லுவியா?"

"சரிம்மா."

போய்விட்டார்கள். பார்த்தீர்களா, என் முகத்தையே எவ்வளவு நேரம் பார்த்தார்கள்? நான் என்ன தப்பாகச் சொன்னேன்? சரி என்றுதானே சொன்னேன்.

அங்கே கிருபாகரன் தலையாட்டுகிறான். எனக்குத்தான். ஒருத்தர் தலையாட்டும்போது பதிலுக்கு ஆட்டாமல் இருந்தால் நன்றாக இருக்குமா? பக்கத்தில் புருஷோத்தமன் சாரும் கும்பிடுகிறார் பாருங்கள். வணக்கம் சார், வணக்கம்.

டவாலி கூப்பிடுகிறாரா? குணாளன் என்றுதானே கூப்பிட்டார்? ஆமாம், என்னைத்தான். இதோ வந்துட்டேங்க. இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் சார், வந்து மிச்சத்தைச் சொல்கிறேன். எனக்காகக் கவலைப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது. யார் மனசும் நோகாமல் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.